நாலு டிகிரி

டர்போ இல்லாத எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானேதான் இழுத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியே நிற்கும் வளிமண்டலம் உள்ளே புகுகிறது. கடல்மட்டத்தில் அந்த வளிமண்டலத்தின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். மூலதனம் அவ்வளவுதான். டர்போ வைத்தவர்கள் அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள், இருக்கிற காற்று தடையில்லாமல் போகிறதா, சூடாகாமல் போகிறதா, சரியான நேரத்தில் பற்றிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருக்கிறது.

என்னிடம் இருப்பது 1991-ஆம் வருடத்து மாஸ்டா மியாட்டா. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக்கூரை, ராத்திரியானால் கண் திறப்பதுபோல் மேலே எழும்பும் முகப்பு விளக்குகள். 1597 சிசி, நாலு சிலிண்டர், 116 குதிரைசக்தி. அந்த 116-ம் நிமிடத்துக்கு 6500 சுழற்சியில்தான் வரும். இங்கே கலிஃபோர்னியாவில் நாங்கள் லிவர்மோர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிற டொயோட்டா வேனுக்கே இதைப்போல இரண்டு மடங்கு சக்தி. ஆனால் மியாட்டாவின் எடை ஒரு டன்னைத் தொடாது. உட்சைடிலிருந்து 84-ஆம் எண் சாலையில் செம்மரங்களுக்கு நடுவே ஸ்கைலைன் வரை ஏறுகிறபோது, வளைவின் நடுவில் கால் கட்டைவிரல் கொஞ்சம் அழுந்தினால் கார் அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் முன்னேறும். விரல் தளர்ந்தால் அதுவும் தளரும். இடையில் காத்திருப்பது என்று ஒன்று இல்லை. மாற்றம், டியூனிங் என்று இந்தக் காரில் நான் செய்தது எல்லாமே அந்தக் கட்டைவிரலுக்காகத்தான், குதிரைசக்திக் கணக்குக்காக அல்ல.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதை எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி இருக்கும் ஒரு சென்சார் சொல்கிறது. கேம் ஆங்கிள் சென்சார். கை நுழையாத இடம். ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் தளர்த்தினால் அது வட்டமாகத் திரும்பும். திருப்பினால் டைமிங் மாறும். கம்பெனி சொல்லும் அளவு, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 10 டிகிரி முன்னால். மியாட்டா வைத்திருப்பவர்களிடையே ரொம்ப காலமாகப் புழங்கும் பாடம், அதை 14-க்குக் கொண்டுபோ, பிரீமியம் பெட்ரோல் போடு, அடிமட்டத்தில் இழுவை தெரியும் என்பது. நாலு டிகிரி. காசு ஒரு பைசா செலவில்லை.

அந்த 12 மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே எனக்குக் கோவை ஆவாரம்பாளையத்து மாமா ஞாபகம் வந்துவிடும். ஃபியட் காரில், பிரீமியர் பத்மினி என்று பின்னால் பேர் மாறியதே அதில், அவர் திருப்பியது டிஸ்ட்ரிபியூட்டர். 1089 சிசி எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். டைமிங் லைட் அவரிடம் இருந்தது, பெட்டிக்குள் இருந்தது. அவர் நம்பியது காதை. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பி இறுக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தி ரோட்டில் கிளம்புவார். ஊரைத் தாண்டியதும் டாப் கியரில் மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாகத் தரையோடு மிதிப்பார். எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினமாதிரி. இரண்டு விநாடிக்குள் அது நின்றுவிட வேண்டும்.

“கேட்டுச்சா கண்ணு?”

“கேட்டுதுங் மாமா.”

“நின்னுருச்சா?”

“நின்னுருச்சுங்.”

“அப்ப செரி. நிக்காமப் போச்சுன்னா பிஸ்டன் ஓட்டையாயிரும்.”

அவர் தேடியது நாக்கிங்கின் விளிம்பை. பெட்ரோலும் காற்றும் பற்றி எரிந்து முடிய நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே கொளுத்திவிட வேண்டும். உச்சியைத் தாண்டிக் கிட்டத்தட்ட 15 டிகிரியில் அழுத்தம் உச்சம் தொட்டால் அந்த எரிதலில் இருந்து அதிக வேலை கிடைக்கிறது. அளவுக்கு மேல் முன்கூட்டியே கொளுத்தினால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அழுத்தம் இறங்கும், மிச்சக் கலவை தானாக வெடிக்கும்; அதுதான் நாக்கிங். ஐடிலிங்கில், 850 சுழற்சியில், 10 டிகிரி என்பது ஒரு விநாடியை ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

அவர் சோழவரம் ரேஸுக்கு வருஷா வருஷம் கோவையிலிருந்து கிளம்பும் கூட்டத்தில் ஒருவர். ஓட்டப் போனவர் அல்ல, ஸ்பேனர் பிடிக்கப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. ஹெரால்டும் ஃபியட்டும் ஓடிய இடம். கோவையில் கரிவரதன் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்தக் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா சாப்பாட்டை மறந்துவிடுவார். ஆனால் ரேஸுக்குத் தயார் செய்த ஃபியட்டை அவர் ஒருபோதும் ரோட்டில் ஓட்டச் சம்மதிக்கமாட்டார். “அது மேல மட்டுந்தான் ஓடும். கீழ செத்துரும். நம்ம ரோட்டுல கீழதான் வேலை” என்பார். கேம்ஷாஃப்டின் முகடுகளை அகலப்படுத்தி, வால்வுகளை அதிக நேரம் திறந்துவைத்தால் மேல்சுழற்சியில் காற்று நன்றாக ஏறும்; கீழ்ச்சுழற்சியில் உள்ளே வந்த கலவை திரும்ப வெளியே தள்ளப்படும், ஐடிலிங் தடுமாறும், சந்தில் திரும்பும்போது வண்டி முக்கும். நாற்பது வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவில், மியாட்டாவுக்கு அகல கேம் வாங்கலாமா என்று விலைப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வாங்காமல் விட்டதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

என் காரில் நாக் சென்சார் கிடையாது. அந்த வருடங்களின் 1.6 எஞ்சினுக்கு மாஸ்டா அதை வைக்கவில்லை. இன்றைய கார்களில் எஞ்சின் நாக் அடித்தால் கம்ப்யூட்டர் தானே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இதில் கேட்க வேண்டியவன் நான்தான். கூரையைத் திறந்துவிட்டு, பேஜ் மில் ரோட்டின் ஏற்றத்தில், மூன்றாம் கியரில், வேண்டுமென்றே 2000 சுழற்சியில் முழுக்க மிதித்துப் பார்ப்பேன். பாறைச்சுவர் பக்கம் வரும்போது சத்தம் திரும்பி வரும்; அங்கேதான் தெளிவாகக் கேட்கலாம்.

டைமிங் பார்க்கிற சடங்கு எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று. எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன டயக்னாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு துளைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் கம்ப்யூட்டர் தன் சொந்தத் திருத்தங்களை நிறுத்திவிட்டு அடிப்படை டைமிங்கில் நிற்கும். முதல் பிளக் ஒயரில் டைமிங் லைட்டின் கவ்வியை மாட்டி, கீழே கிராங்க் புல்லியை நோக்கிப் பிடித்தால், சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியில் இருக்கும் கோடு உறைந்து நிற்பதுபோல் தெரியும். பெல்ட் மூடியில் இரண்டே அடையாளங்கள்: ‘டி’ என்ற எழுத்து, அதாவது உச்சி, அப்புறம் 10. பதினாலுக்கு அடையாளம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மனசில் வாங்கி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக 10-ஐத் தாண்டி நிறுத்த வேண்டும்.

இந்தப் புல்லியையும் சொல்லியாக வேண்டும். 1990-லும் 1991-இன் முற்பகுதியிலும் வந்த மியாட்டாக்களில் கிராங்க்ஷாஃப்டின் மூக்கு குட்டையானது. முன்போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால் சாவி அசைந்து அசைந்து பள்ளத்தைத் தின்றுவிடும், டைமிங் தானாக விலகும், கடைசியில் கிராங்க்கே போய்விடும். புல்லியில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமூக்கு. கார் வாங்கப் போன இடத்தில் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நான் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். எட்டு இருந்தது. விற்றவர், மாஸ்டாவை முதல் நாளிலிருந்து வைத்திருந்த ஒரு பெரியவர், “நீ வாங்கிக்கொள்ளலாம்” என்றார், விலையைப் பற்றி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்காத நேரத்தில்.

14-இல் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உண்மையானது. முதல் கியரில் கிளட்சை விடும்போதே தெரியும். ஆனால் நான் 10-க்குத் திரும்பினேன், அங்கேயே நிற்கிறேன். காரணம் இந்த மாநிலத்தின் காற்று.

கலிஃபோர்னியாவில் 1976-க்கும் 1999-க்கும் இடைப்பட்ட கார்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் டெஸ்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பகுதியில் காரை உருளைகளின் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் என்று இரண்டு வேகத்தில் ஓட்டி, சைலன்சர் முனையில் குழாயைச் செருகி, எரியாத ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்ஸைடு, நைட்ரிக் ஆக்ஸைடு மூன்றையும் அளக்கிறார்கள். டைமிங் லைட் அடித்துப் பார்க்கிறார்கள். பானெட்டுக்குள் இருக்கும் மாற்றுப் பாகங்களுக்கு மாநிலக் காற்று வாரியம் கொடுத்த அனுமதி எண் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். எண் இல்லாத இன்டேக், எண் இல்லாத ஹெடர் இருந்தால் புகை சுத்தமாக இருந்தாலும் தோல்விதான். கார்க்காரர்கள் கூடினால் இதைத் திட்டாமல் கலைவதில்லை. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் 10-க்குத் திருப்பி, மறுநாள் 14-க்குப் போகிறவர்கள் உண்டு.

எனக்கு அது ஒப்பவில்லை. டைமிங்கை முன்னுக்கு நகர்த்தினால் எரியும் வெப்பம் கூடுகிறது. அந்த வெப்பத்தில்தான் காற்றின் நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடாகிறது. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கண்ணைக் கரித்த பழுப்பு மூட்டம் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு எது காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். காரின் புகையில் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகிறது என்று காட்டினார். காற்று வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. என் மகளுக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் மலைக்குமேல் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் இன்றும் ஒரு மங்கல் கோடு தெரியும். 30 வருடத்துக்கு மேல் வயதான எஞ்சினை வைத்துக்கொண்டு நான் மலையேறுவது என் சந்தோஷத்துக்கு. அதன் புகையாவது சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கட்டும்.

அப்படியானால் அந்த நாலு டிகிரியில் கிடைத்த இழுவையை வேறெங்கே தேடுவது? இருந்தது, நிறைய இடத்தில் ஒளிந்திருந்தது. பழைய கார் என்பது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக எதையோ இழந்து வந்த கார். அந்த இழப்புகளைத் திரும்ப வாங்குவதுதான் இந்த மாதிரிக் காருக்குச் செய்யக்கூடிய பெரிய டியூனிங் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள். இந்தக் காரில் பெடலுக்கும் திராட்டிலுக்கும் நடுவே ஒரு இரும்புக் கயிறுதான், கம்ப்யூட்டர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து, ரேடியேட்டருக்கு மேல் குறுக்கே போகும் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, திராட்டில் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.

“மிதிடா தங்கம். தரையோட.”

“மிதிச்சுட்டேன்ப்பா.”

பித்தளை நிறத் தகடு பாதையோடு நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றது. கம்பளமும் மிதியடியும் பெடலைத் தடுத்தன, கேபிள் தொய்ந்திருந்தது. மிதியடியை எடுத்துவிட்டு, கேபிளின் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, தொய்வை வாங்கி இறுக்கியதும் தகடு நேரானது. முன்பு என்னதான் மிதித்தாலும் முழுக் கதவு திறக்காமலே அந்த எஞ்சின் ஓடியிருக்கிறது. ஆவாரம்பாளையத்தில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தவன் நான். ஃபியட்டில் கேபிள்கூட இல்லை, கம்பிகளும் மூட்டுகளும். “இன்னும் மிதி கண்ணு, தரையத் தொடோணும்” என்று பானெட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வரும்; என் கால் அப்போது எட்டாது, இருக்கையின் விளிம்புக்கு வழுக்கி வந்து மிதிப்பேன்.

அடுத்தது காற்று. கடையில் விற்கும் கூம்பு ஃபில்ட்டரை நான் போடவில்லை. அது நன்றாக உறுமும், ஆனால் உறிஞ்சுவது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றை. 25 டிகிரி காற்றுக்கும் 60 டிகிரி காற்றுக்கும் அடர்த்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 116-இல் பத்து சதவீதம் என்றால் யோசித்துப் பாருங்கள். மாஸ்டா வைத்த பெட்டி முகப்பு விளக்கின் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. அதில் வெடித்திருந்த ரப்பர் மூட்டை மாற்றினேன். ஏர்ஃபுளோ மீட்டருக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு மடல் இருக்கிறது. காற்று அதைத் தள்ளித் திறக்கிற அளவை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கணக்கிடுகிறது. உச்ச சுழற்சியில் அந்த மடல் ஒரு தடைதான். அதை எடுத்துவிட்டு வேறு கம்ப்யூட்டர் வைக்கிறவர்கள் பந்தயப் பாதைக்குச் செய்கிறார்கள், சரி. நான் ஓட்டும் சாலையில் எஞ்சின் பெரும்பாலும் 2500-க்கும் 5000-க்கும் நடுவே இருக்கிறது. அங்கே அந்த மடல் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தது, புது ஆக்ஸிஜன் சென்சார், இவையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிரேக்கின் சறுக்கு ஊசிகள் துருவேறி இறுகியிருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டியபின் சுழன்றுகொண்டே இருந்தது. அன்றைக்கு ஓட்டியபோது எஞ்சினை யாரோ மாற்றிவிட்டதுபோல இருந்தது.

ஃபிளைவீல் மட்டும் நான் உண்மையிலேயே மாற்றிய பாகம். எட்டு கிலோவை ஒட்டிய பழையதற்குப் பதில் ஐந்து கிலோப் பக்கம் வரும் ஒன்று. கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தபோது போட்டது. அதற்காகவே தனியாக இறக்குவது வீண். குதிரைசக்தி ஒன்றுகூட ஏறாது. கீழ் கியருக்கு இறங்கும்போது ஒரு தட்டு தட்டினால் எஞ்சின் உடனே எழும்பிக் கியரோடு பொருந்திக்கொள்ளும். கட்டைவிரல் கேட்டதும் அதுதான்.

இந்தக் காரைச் செய்தவர்களும் அதைத்தான் தேடினார்கள் என்று நினைக்கிறேன். 1970-களின் பிற்பகுதியில் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர், ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி எளிமையான, எடை குறைந்த ஒன்றைச் செய்யுங்கள் என்று சொன்னார். யமமோட்டோ மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினை உருவாக்கிய மனிதர். சிக்கலான எஞ்சினுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். அவர் பின்னால் ஹகோனே மலைப்பாதையில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்து மனம் மாறியதாகச் சொல்வார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மியாட்டா வந்தது. எஞ்சின் அவர்களுடைய குடும்பக் காரான ஃபமிலியாவின் வழிவந்தது. ஆனால் கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரே அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள், மிதிக்கிற மிதி நடுவில் எங்கும் முறுக்கி வீணாகாமல் பின்சக்கரத்துக்குப் போக. பேட்டரியை டிக்கியில் வைத்தார்கள். சைலன்சரின் சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அமைத்தார்கள். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு நான் ஒரு டப்பா சைலன்சர் மாட்ட வேண்டுமா? மாட்டமாட்டேன்.

நாலு சக்கரத்திலும் கேம்பரையும் (சாய்வு), பின்சக்கரத்தில் டோவையும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) திருத்தும்படி தனி வகைப் போல்ட்டுகள் வைத்திருக்கிறார்கள். மையம் விலகிய போல்ட். திருப்பினால் சக்கரம் சாயும். சாதாரணக் கார்களில் பின்சக்கரத்துக்கு இந்த வசதி அபூர்வம். ஃப்ரீமான்ட்டில் அலைன்மென்ட் செய்யும் ஒரு மெக்ஸிகோக்காரர் இருக்கிறார். துருப்பிடித்த போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைக்கச் சொன்னார். மறுநாள், நான் இருக்கையில் என் எடையோடு உட்கார்ந்திருக்க, பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிடச் சற்றே அதிகம் உள்ளே சாய்த்து, டோவைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். தாழ்த்தலாமா என்று கேட்டேன். “இதன் சஸ்பென்ஷனுக்குக் கீழே போக இடம் குறைவு. தாழ்த்தினால் ரப்பர் கட்டை மேலேயே உட்கார்ந்து துள்ளும்” என்றார். படத்தில் அழகாகத் தெரியும் பல மியாட்டாக்கள் வளைவில் துள்ளுவது இதனால்தான்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி, மதுரைப் பையன், போன வருஷம் 1992 மியாட்டா ஒன்று வாங்கியிருக்கிறான். வாங்கிய வாரமே கூம்பு ஃபில்ட்டர் மாட்டிவிட்டான். “அண்ணே, டர்போ கிட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி டைமிங்க பதினாலுக்கு ஏத்திரலாமா?” என்றான். அவன் ஆசையைக் கெடுக்க மனசில்லை. அந்த வயதில் எனக்கும் நம்பர்தான் முக்கியம். பழைய ஃபில்ட்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று மட்டும் கேட்டேன். கராஜில் இருக்கிறதாம். அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். டைமிங் லைட், ஜாக்கி எல்லாம் அப்புறம். முதலில் அவனை உட்காரவைத்துத் தரையோடு மிதிக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தகடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.